குவில்ட்டின் நடு அடுக்கு: சிங்கப்பூர் வீட்டுக்கு ஏற்ற பஞ்சு விரிப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை

குவில்ட் என்பது மூன்று அடுக்குகளாலான போர்வை. மேலே துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த மேல்துணியும், கீழே அடித்துணியும், இவ்விரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் பஞ்சு விரிப்பும் சேர்ந்து, மூன்றையும் ஊடுருவிச் செல்லும் குவில்டிங் தையலால் ஒன்றாகின்றன. நடுவில் வைக்கும் இந்த விரிப்பைக் கடைகளில் பேட்டிங் என்றும் வாடிங் என்றும் எழுதி விற்கிறார்கள். புதிதாகத் தைக்கத் தொடங்குபவர்கள் மேல்துணியின் நிறத்தையும் கோலத்தையும் பற்றி வாரக்கணக்கில் யோசித்துவிட்டு, நடு அடுக்கை மட்டும் கடையில் கைக்கு முதலில் கிடைத்ததாக வாங்கி வந்துவிடுகிறார்கள். ஆனால் போர்வை உடம்பில் எப்படிப் படிகிறது, இரவில் புழுங்குகிறதா, துவைத்தால் எவ்வளவு நேரத்தில் காய்கிறது, பல ஆண்டுகள் கழித்தும் உள்ளே கட்டி தட்டாமல் இருக்கிறதா என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பது இந்த நடு அடுக்குதான்.

குவில்ட் தையலைக் கற்றுத்தரும் நூல்களும் காணொளிகளும் பெரும்பாலும் குளிர்காலம் உள்ள நாடுகளிலிருந்து வருகின்றன. அங்கே விரிப்பைத் தேர்ந்தெடுப்பவர் கேட்கும் முதல் கேள்வி, எது அதிகக் கதகதப்பைத் தரும் என்பது. சிங்கப்பூரிலோ ஆண்டு முழுவதும் பகல் வெப்பநிலை 31 முதல் 33 டிகிரி வரை இருக்கிறது. இரவிலும் 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. எனவே அந்த நூல்களின் பரிந்துரையை அப்படியே பின்பற்றாமல், காற்று புகுமா, வியர்வையை வாங்குமா, வீட்டுக்குள்ளேயே காயுமா என்ற மூன்று கேள்விகளிலிருந்து நாம் தொடங்க வேண்டும். கீழே உள்ள படிகளை அந்தக் கேள்விகளை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: போர்வை எங்கே கிடக்கும், யார் போர்த்துவார், எப்படித் துவைப்பார்

விரிப்பை வாங்கப் புறப்படும் முன் ஒரு தாளில் இந்த மூன்றுக்கும் விடை எழுதிக்கொள்ளுங்கள். இதற்குச் செலவிடும் கால் மணி நேரம் மற்ற எல்லாப் படிகளையும் எளிதாக்கிவிடும்.

இடம் என்பதில் முதலில் பார்க்க வேண்டியது குளிர்சாதனம். இரவு முழுவதும் குளிர்சாதனம் ஓடும் அறையில் காற்றின் ஈரம் குறைந்து, விடியற்காலையில் போர்வை உண்மையாகவே தேவைப்படும். அங்கே மெல்லிய விரிப்பு பொருந்தும். மின்விசிறி மட்டும் சுழலும் அறையில் அதே விரிப்பு இரண்டு மணி நேரத்தில் காலால் உதைத்துத் தள்ளப்பட்டுவிடும். அத்தகைய அறைக்கு எவ்வளவு மெலிதாகப் போக முடியுமோ அவ்வளவு மெலிதாகப் போவதுதான் சரி. வடகிழக்குப் பருவமழை பெய்யும் டிசம்பர், ஜனவரி மாதங்களின் சில குளிர்ந்த இரவுகளை மனத்தில் வைத்துக்கொண்டு தடித்த விரிப்பை வாங்குவது, மீதிப் பத்து மாதங்களுக்கு அந்தப் போர்வையை அலமாரியில் பூட்டி வைப்பதற்கு ஒப்பாகும்.

யார் போர்த்துவார் என்ற கேள்வியில் குழந்தைகளைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பேரப்பிள்ளை பிறக்கப்போகிறது என்று தெரிந்ததும் பல பாட்டிமார் முதலில் தைக்க நினைப்பது குழந்தைக் குவில்ட்டைத்தான். ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் தொட்டிலுக்குள் தளர்வான போர்வையோ தலையணையோ வைக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. மூச்சுத் திணறும் அபாயம் இருப்பதே காரணம். ஆகவே அந்தக் குவில்ட்டைத் தரையில் விரித்துக் குழந்தையைக் கவிழ்த்துப் போட்டு விளையாடவிடும் விரிப்பாகத் தையுங்கள். அப்போது நடு அடுக்குக்கு வேண்டிய குணங்கள் மாறிவிடுகின்றன: பஞ்சு பொதபொதவென்று அமுங்காமல் அடர்த்தியாகவும் தட்டையாகவும் இருக்க வேண்டும், அடிக்கடி வெந்நீரில் துவைத்தாலும் தாங்க வேண்டும். இரண்டுக்கும் மெல்லிய பருத்தி விரிப்பே ஏற்றது. வயதானவர்களுக்குத் தைப்பதானால் எடையைக் கவனியுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கனத்த போர்வைக்குள் புரண்டு படுக்கச் சிரமப்படுவார்கள்.

துவைப்பதுதான் இங்கே பலர் மறந்துவிடும் கேள்வி. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீட்டில் பெரிய போர்வையை உலர்த்த வெயில் படும் மொட்டை மாடியோ கொல்லைப்புறமோ இல்லை. சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் போடலாம் என்றால், தண்ணீரை உறிஞ்சிய பருத்திக் குவில்ட் மிகவும் கனக்கும்; கழியோடு நழுவி விழுந்தால் கீழே நடப்பவர்களுக்கு ஆபத்து. எனவே வீட்டுக்குள் இரண்டு கழிகளுக்கு மேல் கூடாரம்போல் பரப்பி, மின்விசிறியை ஓடவிட்டுத்தான் காயவைக்க வேண்டியிருக்கும், அல்லது பேட்டைகளில் உள்ள சுயசேவைச் சலவைக் கடைகளின் பெரிய உலர்த்தி இயந்திரத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். ஒரு நாளுக்கு மேல் ஈரமாகக் கிடக்கும் தடித்த பஞ்சில் முடை நாற்றம் ஏறும், பூசணமும் பிடிக்கும். உங்களிடம் உலர்த்தி இல்லை, அருகில் சலவைக் கடையும் இல்லை என்றால், அந்த ஒரு காரணத்துக்காகவே தடித்த பருத்தியையும் கம்பளியையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

இரண்டாம் படி: இழையைத் தேர்ந்தெடுத்தல்

தையல் வேலையில் புதியவர்கள் இந்தப் படியை நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் விரிப்பின் மற்ற குணங்கள் பலவும் இழையிலிருந்தே பிறக்கின்றன.

பருத்தி விரிப்பு காற்றைப் புகவிடும், வியர்வையை வாங்கிக்கொள்ளும், உடம்பின் வளைவுக்கு ஏற்பப் படியும். துணியைப் பற்றிக்கொள்ளும் தன்மை அதற்கு உண்டு என்பதால், மூன்று அடுக்குகளையும் தையல் இயந்திரத்தில் ஓட்டும்போது ஒன்றின்மேல் ஒன்று நழுவுவது குறைவு. புதியவருக்கு இது பேருதவி. துவைத்ததும் 3 முதல் 5 விழுக்காடு வரை சுருங்கும். அந்தச் சுருக்கத்தால் தையல்களுக்கு நடுவே துணி மெல்லச் சுருங்கி, பழங்காலப் போர்வைகளில் காணும் அழகிய மடிப்புகள் தோன்றும். சிலர் இதற்காகவே பருத்தியை நாடுகிறார்கள். தட்டையாக, இஸ்திரி போட்டதுபோல் இருக்க வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு இதே குணம் குறையாகத் தெரியும். பருத்தியின் உண்மையான குறைகள் இரண்டு: கனம், மெதுவாகக் காய்தல்.

பாலியஸ்டர் விரிப்பு இதற்கு நேரெதிரானது. எடை குறைவு, விலை குறைவு, சுருங்காது, விரைவில் காயும், பூசணம் எளிதில் பிடிக்காது. ஆனால் அது ஈரத்தை ஏறத்தாழ வாங்குவதே இல்லை. சோதனைக்கூடங்களில் வழக்கமாகக் கொள்ளும் 65 விழுக்காடு ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடு ஈரத்தையும் கம்பளி சுமார் 15 விழுக்காடு ஈரத்தையும் உள்வாங்கும்; பாலியஸ்டர் அரை விழுக்காட்டைக்கூட எட்டாது. வியர்க்கும் ஊரில் இந்த எண்களின் பொருள் நேரடியானது: உடம்பிலிருந்து வரும் ஈரம் போவதற்கு இடமில்லாமல் போர்வைக்குள்ளேயே தங்கிப் பிசுபிசுக்கும். சுவரில் தொங்கவிடும் அலங்காரக் குவில்ட்டுக்கும், கைப்பைக்கும், மேசை விரிப்புக்கும் பாலியஸ்டர் நன்றாக உழைக்கும். மின்விசிறி அறையில் போர்த்திக்கொள்ளும் போர்வைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இவ்விரண்டையும் கலந்து செய்த, 80 விழுக்காடு பருத்தியும் 20 விழுக்காடு பாலியஸ்டரும் கொண்ட விரிப்பு, குவில்ட் தைப்பவர்களிடையே மிகப் பரவலாகப் பயன்படுகிறது. பருத்தியின் படிவும் காற்றோட்டமும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். எடை சற்றுக் குறையும். முழுப் பருத்தியைவிட விரைவாகக் காயும். குளிர்சாதன அறைக்கான முதல் குவில்ட்டை இயந்திரத்தில் தைக்கப்போகும் ஒருவர் என்னிடம் ஒரே ஒரு விடை கேட்டால், மெல்லிய 80/20 விரிப்பு என்றே சொல்வேன்.

மூங்கில் என்று எழுதி விற்கும் விரிப்பு, மூங்கில் கூழிலிருந்து செய்த விஸ்கோஸ் இழையைப் பெரும்பாலும் பருத்தியோடு கலந்தது. மிக மென்மையானது, வழுவழுவென்று படியும், ஈரத்தையும் நன்றாக வாங்கும். விலை சற்றுக் கூடுதல். சுருக்கம் பருத்தியளவுக்கு உண்டு. மென்மையான தோலுள்ளவர்களுக்குத் தைப்பதானால் இதைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

கம்பளி விரிப்பைப் பற்றி நூல்கள் மிகவும் புகழ்ந்து எழுதுகின்றன. அந்தப் புகழ்ச்சியில் பொய் இல்லை. எடையே தெரியாமல் உப்பி நிற்கும், மடித்த தடம் எளிதில் மறையும், கையால் தைப்பவர்களுக்கு ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். ஆனால் நம் ஊரில் அதைக் குளிர்ந்த நீரில் மெதுவாக அலசி நெடுநேரம் உலர்த்த வேண்டும். அந்துப்பூச்சிக்கு அது விருப்பமான உணவு என்பதால் அந்துருண்டையோடு காற்றுப்புகாத பையில் வைத்துக் காக்க வேண்டும். வெளிநாட்டில் குளிர்ப்பகுதியில் படிக்கப்போகும் மகளுக்கோ மகனுக்கோ தைத்து அனுப்புவதென்றால் தாராளமாகக் கம்பளியைத் தேர்ந்தெடுக்கலாம். பட்டு விரிப்பும் உண்டு. விலையும் பராமரிப்பும் முதல் முயற்சிக்குப் பொருந்தாதவை.

இலவம்பஞ்சை நிரப்பலாமா என்ற ஐயம் நம்மவர்களுக்கு இயல்பாகவே எழும், ஏனெனில் நம் வீட்டு மெத்தையும் தலையணையும் தலைமுறை தலைமுறையாக அதால் ஆனவை. குவில்ட்டுக்கு அது ஆகாது. இலவ இழை குட்டையானது, மெழுகுப் பூச்சுள்ளது, வழுக்கும் தன்மையுடையது. ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாததால் விரிப்பாக நிற்காமல் தையலுக்குத் தையல் ஒதுங்கி ஒரு மூலையில் திரளும். தையல் துளைகள் வழியாக வெளியே பறக்கவும் செய்யும். தடித்த உறைக்குள் அடைத்துக் கட்டும் மெத்தைக்கே அது உரியது.

பழைய சேலையும் வேட்டியும்

மின்விசிறி அறையில் உறங்குபவர்களுக்குக் கடையில் விற்கும் எந்த விரிப்பையும்விடப் பழைய பருத்திச் சேலையே சிறந்த நடு அடுக்கு என்பது என் உறுதியான கருத்து. வங்காளத்தின் காந்தா தையலில் பஞ்சே கிடையாது. பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓட்டத்தையல் போட்டுத்தான் போர்வை ஆக்குகிறார்கள். நம் வீடுகளிலும் பச்சிளங்குழந்தையைக் கிடத்தப் பழஞ்சேலையை மடித்துத் தைப்பது தெரிந்த வழக்கம். இந்தத் தீவிலும் அருமையான முன்னோடி உண்டு: 1942ல் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த பெண்கள் கையில் கிடைத்த துணிகளைச் சதுரங்களாக்கிப் பூத்தையல் போட்டு இணைத்து, ஒவ்வொன்றும் 66 சதுரங்கள் கொண்ட மூன்று குவில்ட்டுகளை உருவாக்கினார்கள், அவற்றில் இரண்டு இன்று கேன்பராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. குவில்ட் தைக்க விலையுயர்ந்த பொருள் தேவையில்லை என்பதற்கு அவற்றைவிட வேறு சான்று தேவையில்லை.

சேலையை நடு அடுக்காக்க விரும்பினால் அது முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். நைலான், பாலியஸ்டர் கலந்தவை புழுங்கும். பட்டும் சரிகையும் வேண்டாம். பலமுறை துவைத்து மென்மையான சேலை சுருங்க வேண்டிய அளவுக்கு ஏற்கெனவே சுருங்கியிருக்கும் என்பது கூடுதல் வசதி. ஃபால்ஸ் துணியைப் பிரித்தெடுத்து, கனத்த கரையை வெட்டி நீக்கி, கிழிசலும் இற்றுப்போன பகுதிகளும் இல்லாத இடத்தை மட்டும் எடுங்கள். இரண்டு அடுக்கு போதும். சற்றுக் கூடுதல் கனம் வேண்டுமென்றால் மூன்று. அகலம் போதாமல் இணைக்க நேர்ந்தால், ஓர் அடுக்கின் இணைப்பு மற்றோர் அடுக்கின் இணைப்புக்கு மேல் வராதபடி தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் அந்த வரி மட்டும் மேடாகத் தெரியும். மேல்துணி வெளிர் நிறமானால் வெள்ளை வேட்டியே நல்லது, ஏனெனில் சேலையின் பூவும் கட்டமும் ஊடாகத் தெரியும். சாயம் போகிறதா என்பதை ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சேலை கிடைக்காதவர்கள் பருத்திப் பிளானல் துணியை ஓர் அடுக்காக வைக்கலாம். முன்கூட்டியே துவைத்துச் சுருக்கிய பின் வைக்க வேண்டும்.

மூன்றாம் படி: தடிப்பு

உறைகளில் இது லாஃப்ட் என்ற பெயரில் இருக்கும். லோ லாஃப்ட் என்பது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிப்பு; ஹை லாஃப்ட் ஓர் அங்குலத்தில் பாதியையும் தாண்டும். தடித்த விரிப்பு தையல் இயந்திரத்தின் அழுத்துக்காலுக்கு அடியில் நுழையச் சிரமப்படும், சுருட்டினால் இயந்திரத்தின் கழுத்துக்குள் அடங்காது. சிங்கப்பூரில் படுக்கைக்குத் தைப்பவர்கள் லோ லாஃப்டைத் தாண்ட எந்தக் காரணமும் இல்லை. நூலால் முடிச்சிட்டுக் கட்டும் குவில்ட்டுக்கும், பூவோ இலையோ புடைத்துத் தெரிய வேண்டிய சுவர்த் தொங்கலுக்கும் மட்டும் உப்பலான விரிப்பை வாங்குங்கள்.

நான்காம் படி: விரிப்பு எப்படிச் செய்யப்பட்டது, எவ்வளவு நெருக்கமாகத் தைக்க வேண்டும்

இழைகளைப் பரப்பினால் மட்டும் விரிப்பு ஆகிவிடாது. அவை பிரியாமல் இருக்க ஏதாவது செய்ய வேண்டும். தொழிற்சாலைகளில் முள் வைத்த ஆயிரக்கணக்கான ஊசிகளால் குத்தி இழைகளை ஒன்றோடொன்று பின்னவைப்பது ஒரு முறை. இதுவே நீடில் பஞ்ச். பசை தெளித்தோ சூடேற்றி உருக்கியோ ஒட்டுவது இன்னொரு முறை. பாலியஸ்டர் விரிப்புகள் பலவும் அப்படிச் செய்யப்பட்டவை. குத்திப் பின்னிய விரிப்புகள் சிலவற்றில் மெல்லிய செயற்கை வலை ஒன்றையும் சேர்த்துக் குத்தியிருப்பார்கள். அதை ஸ்கிரிம் என்பார்கள். வலை உள்ள விரிப்பு இழுத்தாலும் நீளாது. தையல் வரிகளுக்கு நடுவே 8 அல்லது 10 அங்குலம் இடைவெளி விட்டாலும் பஞ்சு நகராது. வலை இல்லாத பருத்தி விரிப்புக்கு 2 முதல் 4 அங்குலத்துக்கு ஒரு தையல் வரி தேவைப்படும்.

உறையில் அச்சிட்டிருக்கும் செய்திகளில் மிக முக்கியமானது இந்த அதிகபட்ச இடைவெளிதான். நீங்கள் திட்டமிட்டிருக்கும் கோலத்தில் தையல் வரிகள் ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக வருகின்றன, உறையோ நான்கு அங்குலம் என்கிறது என்றால், விரிப்பை மாற்றுங்கள் அல்லது தையலை நெருக்குங்கள். மூன்றாவது வழி கிடையாது. இந்த எண்ணைப் பொருட்படுத்தாமல் தைத்த போர்வை, சில சலவைகளுக்குப் பிறகு உள்ளே பஞ்சு கிழிந்து, ஓரிடத்தில் வெறுந்துணியாகவும் மற்றோரிடத்தில் கட்டியாகவும் ஆகிவிடும். அதைப் பிரிக்காமல் சரிசெய்ய முடியாது. சேலை அடுக்கில் நெய்த துணியே உள்ளே இருப்பதால் இந்தக் கவலை பெரிதாக இல்லை. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவாத அளவுக்குத் தைத்தால் போதும்.

கையால் தைப்பவர்கள் வலை உள்ள விரிப்பைத் தவிர்க்க வேண்டும். குட்டை ஊசியில் நான்கைந்து தையல்களை ஒரே மூச்சில் ஏற்றும்போது வலை ஒவ்வொரு முறையும் ஊசியைத் தடுத்து, விரல் நுனியைப் புண்ணாக்கும். மிக அடர்த்தியாகக் குத்திப் பின்னிய பருத்தியும் அப்படியே. வலையில்லாத மெல்லிய பருத்தி, மெல்லிய பாலியஸ்டர், கம்பளி, தேய்ந்த சேலை ஆகியவை கைத்தையலுக்கு இசைந்தவை. இயந்திரத்தில் தைப்பவர்களுக்கோ வலை நல்ல துணை.

குத்திப் பின்னிய விரிப்புக்கு மேல்பக்கம், கீழ்ப்பக்கம் உண்டு. ஊசி இறங்கிய பக்கத்தில் சிறு குழிகள் தெரியும். மறுபக்கத்தில் சிறு முடிச்சுகள் தட்டுப்படும். குழியுள்ள பக்கம் மேல்துணியைப் பார்க்கும்படி வைத்தால் உங்கள் ஊசியும் அதே திசையில் செல்லும். இழைகள் மேலே இழுபட்டு வெளியே நீட்டிக்கொள்வது குறையும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறத் துணிகளில் வெள்ளை இழைகள் மீசைபோல் வெளிவருவது குவில்ட்டின் தோற்றத்தையே கெடுத்துவிடும் என்பதால் இதை அலட்சியப்படுத்தாதீர்கள்.

ஐந்தாம் படி: நிறம்

வெளுக்காத பருத்தி விரிப்பு இளமஞ்சள் நிறத்தில், அங்கங்கே பருத்திக்கொட்டைத் தோலின் பழுப்புத் துகள்களோடு இருக்கும். மேல்துணியில் வெள்ளை அதிகமானால் வெளுத்த வெள்ளை விரிப்பை வாங்குங்கள். அடர்நிறமே அதிகமானால் கறுப்பு விரிப்பும் கிடைக்கிறது. மற்ற எல்லாவற்றுக்கும் வெளுக்காதது போதும்.

ஆறாம் படி: அளவு

உறையில் அடைத்து விற்கும் விரிப்புகள் பெரும்பாலும் அமெரிக்கக் கட்டில் அளவுகளில், அங்குலக் கணக்கில் வருகின்றன. பெயரை நம்பி வாங்கினால் இங்கே பொருந்தாது. சிங்கப்பூரில் சூப்பர் சிங்கிள் மெத்தை 107 செ.மீ. அகலமும் 190 செ.மீ. நீளமும் உடையது, குவீன் மெத்தை 152 செ.மீ. அகலம், அதே நீளம். சூப்பர் சிங்கிளுக்கு இருபுறமும் 30 செ.மீ. தொங்கலும் கால்மாட்டில் 25 செ.மீ. தொங்கலும் வைத்தால் முடிந்த குவில்ட் 167க்கு 215 செ.மீ. ஆகிறது. பருத்தி விரிப்பு 4 விழுக்காடு சுருங்கும் என்று கொண்டால், துவைத்த பின்னும் அந்த அளவு நிற்க 174க்கு 224 ஆகத் தைக்க வேண்டும். குவில்டிங் தையல் போடும்போது அடுக்குகள் நகர்வதால் விரிப்பு நான்கு பக்கமும் 8 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். ஆகமொத்தம் 190க்கு 240. ட்வின் என்று எழுதிய 72க்கு 90 அங்குல உறையில் இருப்பது 183க்கு 229 செ.மீ. மட்டுமே, போதாது. ஃபுல் என்று எழுதிய 81க்கு 96 அங்குல உறை 206க்கு 244 செ.மீ.; அதுதான் சரியாக வரும். குவீன் மெத்தைக்கு 90க்கு 108 அங்குல உறையை வாங்குபவர்கள் பக்கத் தொங்கலை 25 செ.மீ. ஆகக் குறைத்துக்கொண்டால் இடர்ப்பாடு இல்லை.

கட்டிலை மூடும் விரிப்பாக அல்லாமல் ஒருவர் போர்த்திக்கொள்வதற்காக மட்டும் தைப்பவர்கள் 140க்கு 200 செ.மீ. வைத்துக்கொள்ளலாம், அதற்கு ட்வின் உறை தாராளம். முதல் குவில்ட்டை இந்த அளவில் தொடங்குவது இயந்திரத்துக்கும் நல்லது, தைப்பவரின் தோளுக்கும் நல்லது. சுருளிலிருந்து மீட்டர் கணக்கில் வாங்கும்போது சுருளின் அகலத்தை முதலில் கேட்டுக்கொண்டு, உங்கள் குவில்ட்டின் எந்தப் பக்கம் அதற்குள் அடங்கும் என்று பார்த்த பிறகே நீளம் சொல்லுங்கள்.

ஏழாம் படி: கடையில் சோதித்தல்

சைனாடவுனில் பீப்பிள்ஸ் பார்க் பகுதியிலும் அரபு ஸ்திரீட்டிலும் உள்ள துணிக்கடைகளுக்கு மேல்துணிக்காகவும் அடித்துணிக்காகவும் எப்படியும் போவீர்கள். நடு அடுக்குக்குச் சேலையோ வேட்டியோ புதிதாகவே வேண்டுமென்றால் தேக்கா இருக்கிறது. துணிக்கடைகளில் சுருளாகக் கிடைப்பது பெரும்பாலும் பாலியஸ்டர். பருத்தியும் கலப்பும் குவில்ட் பொருள்கள் விற்கும் கைவினைக் கடைகளில்தான் தேட வேண்டும். அடித்துணியையும் மேல்துணியையும் வாங்கிய பின் அவற்றில் ஒரு துண்டைப் பையில் எடுத்துச் செல்லுங்கள்.

விரிப்பின் ஓரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் பஞ்சு சீராகப் பரவியிருக்கிறதா, இடையிடையே மெலிந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெல்ல இழுங்கள். சட்டென்று நீண்டு மெலிந்தால் வலை இல்லை என்று பொருள், இழுபடாமல் நின்றால் வலை இருக்கக்கூடும். உள்ளங்கையில் மடித்து இறுக்கிப் பிடித்துவிட்டு விடுங்கள். மடிப்புத் தடம் எவ்வளவு விரைவில் மறைகிறது என்பதே அலமாரியில் மடித்து வைத்த குவில்ட் எப்படி இருக்கும் என்பதற்கு அறிகுறி. கொண்டுபோன துணித் துண்டால் மூடி, நிறமோ துகளோ ஊடாகத் தெரிகிறதா என்று பாருங்கள். கடைசியாக, துணியோடு சேர்த்து முன்கையின்மேல் போட்டுக்கொண்டு, கடையில் மற்றவற்றைப் பார்க்கும் நேரம் முழுவதும் அப்படியே வைத்திருங்கள். குளிரூட்டப்பட்ட கடையிலேயே கை வியர்த்தால் உங்கள் அறையில் அது எப்படி இருக்கும் என்பதை அறியலாம்.

பெயர்ச்சீட்டு இல்லாத சுருளில் இழை எது என்று ஐயம் இருந்தால், வீட்டுக்கு ஒரு சிறு துண்டு வாங்கி வந்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் இடுக்கியால் சில இழைகளைப் பிடித்துத் தீ காட்டலாம். பருத்தி தாள் எரியும் மணத்தோடு எரிந்து மென்மையான சாம்பலாகும்; கம்பளி முடி கருகும் நாற்றம் தரும்; பாலியஸ்டர் உருகிக் கெட்டியான கறுத்த மணியாகும். உருகிய துளி தோலில் ஒட்டிச் சுடும் என்பதால் கையால் பிடிக்கக் கூடாது, பிள்ளைகளை அருகில் விடக் கூடாது. இதே காரணத்தால் சூடான பாத்திரம் இறக்கும் கையுறைக்கும் பாத்திரப் பிடிக்கும் சாதாரணப் பாலியஸ்டரை வைக்காதீர்கள். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சுள்ள தனி விரிப்பு அதற்கென்றே விற்கிறது, அதையும் நுண்ணலை அடுப்புக்குள் வைக்கக் கூடாது.

எட்டாம் படி: மாதிரிச் சதுரமும் முன்னேற்பாடும்

பெரிய குவில்ட்டைத் தொடங்கும் முன், அதே மேல்துணி, அதே விரிப்பு, அதே அடித்துணி கொண்டு 30 செ.மீ. சதுரம் ஒன்றைத் தையுங்கள். நீங்கள் நினைத்திருக்கும் இடைவெளியிலேயே தையல் வரிகளை ஓட்டி, ஓரத்தை மடித்துத் தைத்து, வழக்கமாகத் துவைப்பதுபோலவே துவைத்து, வழக்கமாகக் காயவைக்கும் இடத்திலேயே காயவையுங்கள். பிறகு அளந்து பாருங்கள். 30 செ.மீ. என்பது 29 ஆகியிருந்தால் சுருக்கம் 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல். மேலே சொன்ன அளவுக் கணக்கில் 4 என்ற எண்ணுக்குப் பதிலாக உங்கள் சொந்த எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். காய எவ்வளவு நேரம் ஆனது, இழை வெளியே வந்ததா, சுருக்கம் கண்ணுக்கு இதமாக இருக்கிறதா என்பவற்றையும் இந்தச் சிறு துண்டு காட்டிவிடும். இதைத் தவிர்க்காதீர்கள் என்று எல்லாப் புதியவர்களிடமும் வற்புறுத்துகிறேன். ஒரு மாலை நேர வேலை, பல மாத உழைப்பைக் காக்கிறது.

சுருக்கமே வேண்டாம் என்றால் பருத்தி விரிப்பை முன்கூட்டியே சுருக்கலாம், உறையில் அதற்குத் தடை இல்லாதவரை. குளியல் தொட்டியிலோ பெரிய வாளியிலோ வெதுவெதுப்பான நீரில் முக்கி, கசக்காமல், பிழியாமல், அழுத்தி மட்டும் நீரை வடித்து, தட்டையாகப் பரப்பி உலர்த்த வேண்டும். சலவை இயந்திரம் சுழற்றினால் விரிப்பு கந்தலாகிவிடும்.

உறையிலிருந்து எடுத்த விரிப்பில் மடிப்புகள் ஆழமாக இருக்கும். முதல் நாள் இரவே கட்டில்மேல் விரித்துவிட்டால் பெரும்பாலானவை தளர்ந்துவிடும். நம் ஊரின் ஈரக்காற்று இந்த ஒன்றில் நமக்கு உதவுகிறது. மிஞ்சியவற்றைப் பருத்தியில் மிதமான சூட்டில் துணி போர்த்தி இஸ்திரி செய்யலாம். பாலியஸ்டரிலும் கலப்பிலும் இஸ்திரிப் பெட்டியை நேரடியாக வைத்தால் பஞ்சு உருகி அமுங்கிப்போகும்.

வெட்டி மிஞ்சிய துண்டுகளை எறியாமல், எந்த வகை, எவ்வளவு சுருங்கியது என்று எழுதிய சீட்டோடு உலர்ந்த பையில் போட்டு வையுங்கள். ஒரே வகைத் துண்டுகளை இணைத்தே அடுத்த சிறு குவில்ட்டுக்கு முழு விரிப்பு செய்துவிடலாம். வெவ்வேறு வகைகளைக் கலந்தால் அவை வெவ்வேறு அளவில் சுருங்கும். இணைக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், நேராக வெட்டிய விளிம்புகளை அருகருகே தொட வைத்து, கையால் தளர்வாகவோ இயந்திரத்தில் அகலமான வளைதையலாகவோ (ஜிக்ஜாக்) போடுங்கள். நூலை இறுக்காவிட்டால் இணைப்பு மேலிருந்து தெரியாது.